பழைய லேப்டாப்புக்கு ரேம்: எப்போது பலன், எப்போது வீண்

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி என்று சாயல்குடி வரை போகும் எங்கள் கடற்கரையில், பழைய லேப்டாப் ஒன்றாவது ஓடாத தெரு அபூர்வம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. தமிழக அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து மாணவர்கள் கைக்கு வந்த அந்த மெஷின்கள்தான் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி. அக்கா பாலிடெக்னிக் படிக்கும்போது வாங்கியது, தம்பி கைக்கு மாறி, இன்று கருவாட்டுக் கடையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொன்றில் டிஎன்பிஎஸ்சி பாட வீடியோ ஓடுகிறது. மற்றொன்று வளைகுடாவில் இருக்கும் வாப்பாவிடம் பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசுவதற்கென்றே இருக்கிறது.

இவற்றில் எது ஸ்லோவானாலும் முதலில் காதில் விழும் யோசனை, "ரேம் கூட்டிப் போட்டுருங்க" என்பதுதான். தவறான யோசனை என்று சொல்ல மாட்டேன். சில மெஷின்களுக்கு இந்த ஒரே மாற்றம் இன்னும் ஐந்தாறு வருட ஆயுளைக் கொடுக்கிறது. வேறு சிலவற்றில் காசு கொடுத்துப் போட்ட ரேம் சும்மா கிடக்கிறது. கணினி ஒரு வேலையைச் செய்யும்போது அதற்கான தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம்தான் ரேம். செய்கிற வேலைக்குத் தேவையான அளவு ரேம் இல்லாதபோது கணினி பல மடங்கு மெதுவாகிறது. அந்த அளவு நிறைந்த பிறகு எவ்வளவு போட்டாலும் வேகம் பெயருக்குத்தான் கூடும். ஆகவே உங்கள் மெஷின் அந்த அளவுக்குக் கீழே தவிக்கிறதா, மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறக்க வேண்டும். பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும், செலவும் இல்லை.

ரேம் என்று நாம் சொல்வது டிராம் வகைச் சிப்புகளை. ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு நுண்ணிய கெப்பாசிட்டர். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டென்னார்டு உருவாக்கி 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அடிப்படை இன்றும் மாறவில்லை. கெப்பாசிட்டரில் ஏற்றிய மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லிசெகண்டுக்குள் எல்லா வரிசைகளையும் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதிவிட வேண்டும். கரண்ட் நின்றால் உள்ளே இருந்தது அத்தனையும் போய்விடும். வேகத்துக்காக நாம் கொடுக்கும் விலை அது. பிராசஸர் கேட்டதை ரேம் சுமார் 100 நானோசெகண்டில், அதாவது ஒரு செகண்டில் ஒரு கோடியில் ஒரு பங்கு நேரத்தில், எடுத்துக் கொடுத்துவிடும்.

ஹார்டு டிஸ்க்கின் கதை வேறு. பழைய லேப்டாப்களில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் டிஸ்க். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்டு. கேட்ட தகவல், அதைப் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதற்கு முன்பு தலை சரியான தடத்துக்கு நகர ஏறக்குறைய 12 மில்லிசெகண்டு. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவலைக் கேட்டால் ஒரு செகண்டில் ஐம்பது, அறுபது முறைதான் அதனால் பதில் சொல்ல முடியும். ரேமோடு வைத்துப் பார்த்தால் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் மெதுவு.

ரேம் நிறைந்துவிட்டால் கணினி வேலையை நிறுத்திவிடுவதில்லை. உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை 4 கிலோபைட் துண்டுகளாக (இவற்றுக்குப் பக்கங்கள் என்று பெயர்) டிஸ்க்குக்கு அனுப்பிவிட்டு இடம் பிடிக்கும். திரும்பத் தேவைப்பட்டால் வேறு எதையாவது வெளியே தள்ளிவிட்டு அதை உள்ளே கொண்டுவரும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி 1962இலேயே இதைச் செய்தது. ஓரளவுக்கு இது நல்ல ஏற்பாடு. காலையில் திறந்து வைத்து மறந்துபோன ஃபைல் டிஸ்க்கில் கிடந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சிக்கல், நாம் கையில் வைத்திருக்கும் வேலையே ரேமுக்குள் அடங்காதபோது வருகிறது. கணினி விஞ்ஞானி பீட்டர் டென்னிங் 1968இல் இதைத் துல்லியமாக விளக்கினார். ஒரு புரோகிராம் அந்தந்த நேரத்தில் உண்மையிலேயே தொட்டுக்கொண்டிருக்கும் பக்கங்களின் தொகுப்பு என்று ஒன்று உண்டு. அது முழுதாக ரேமில் இருக்கும்வரை எல்லாம் சீராகப் போகும். அதைவிட ரேம் கொஞ்சம் குறைந்தாலும் போச்சு, எதை வெளியே அனுப்பினாலும் அடுத்த நொடியே அது தேவைப்படும். கணினி தன் நேரம் முழுவதையும் மாற்றி மாற்றிச் சுமப்பதிலேயே செலவழிக்கும்.

பாக் நீரிணைப் பக்கம் ஆழம் குறைவு. கரையை ஒட்ட முடியாமல் தள்ளி நிற்கும் விசைப்படகிலிருந்து வத்தை என்னும் சிறு படகில் மீன் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். படகில் எவ்வளவு மீன் இருந்தாலும், ஏலத்துக்கு வந்து சேரும் வேகத்தை முடிவு செய்வது நடுவில் ஓடும் அந்தச் சின்ன வத்தைதான். ரேம் போதாத கணினியில் டிஸ்க் அந்த வத்தையின் வேலையைச் செய்கிறது. பிராசஸர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அது கரையில் நின்று காத்திருக்க வேண்டியதுதான்.

"வாங்கின புதுசுல நல்லாத்தானே ஓடுச்சு, அதே ரேம்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரேம் தேய்வதில்லை, வருடம் போனதால் அது மெதுவாவதும் இல்லை. மாறியது வேலை. திட்டத்தின் முதல் வருடங்களில் வந்த மெஷின்களில் 2 ஜிபி ரேம் இருந்தது. அன்றைய விண்டோஸ் 7க்கும் வேர்டுக்கும் அது போதும். பிறகு அதே மெஷினில் விண்டோஸ் 10 ஏற்றினோம். எதையும் திறக்காமல் சும்மா இருக்கும்போதே அது ஒன்றரையிலிருந்து இரண்டு ஜிபி வரை எடுத்துக்கொள்கிறது. அதற்கு மேல் பிரவுசர். இன்றைய பிரவுசர்கள் பாதுகாப்புக்காக டேப்களைத் தனித்தனி புராசஸாகப் பிரித்து ஓட்டுகின்றன. ஒரு செய்தித் தளமோ வீடியோப் பக்கமோ 100 முதல் 300 எம்பி வரை சர்வசாதாரணமாகப் பிடித்துக்கொள்ளும். நான்கு டேப், ஒரு பிடிஎஃப், பின்னணியில் ஆன்டிவைரஸ் என்றாலே 4 ஜிபி மெஷின் மூச்சுவாங்க ஆரம்பித்துவிடும்.

கீழக்கரையில் ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் லேப்டாப்பை நீட்டி, "காக்கா, இதுல எட்டு ஜிபி போட்டா புது மெஷின் மாதிரி ஓடுமா?" என்று கேட்டார். (காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.) "மொதல்ல நீங்க தெனமும் எப்படி வேலை செய்வீங்களோ அப்படியே எல்லாத்தையும் தெறங்க தம்பி, பாப்போம்" என்றேன். இந்தச் சோதனையில் முக்கியமான இடம் இதுதான். எதையும் திறக்காமல் பார்த்தால் எந்த மெஷினும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். வழக்கமாகத் திறக்கும் டேப்கள், டேலி கணக்கு மென்பொருள், பாட வீடியோ எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைப் பாருங்கள்.

85, 90 சதவீதத்துக்கு மேல் நிலையாக நிற்கிறது, டிஸ்க்கும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் ரேம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். உறுதிப்படுத்த ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பக்கத்தில் ஹார்டு ஃபால்ட்ஸ் எண்ணிக்கையைக் கவனியுங்கள். தேவைப்பட்ட பக்கம் ரேமில் இல்லாமல் டிஸ்க்குக்குப் போய் எடுத்துவந்த தடவைகள் அவை. ஒரு புரோகிராமைத் திறக்கும் சமயத்தில் நூற்றுக்கணக்கில் தாவுவது இயல்பு. எல்லாம் திறந்து முடிந்த பிறகும், ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் ஏறிக்கொண்டே இருந்தால், ரேம் போட்டால் பலன் நிச்சயம். மெமரி 55 சதவீதத்திலேயே நின்று, டிஸ்க் மட்டும் 100 காட்டினால் கோளாறு ரேமில் இல்லை. அந்த மெஷினில் 16 ஜிபி போட்டாலும் ஸ்டார்ட் ஆக அதே மூன்று நிமிடம் ஆகும்.

மாணவரின் மெஷினில் மெமரி 93 சதவீதத்தில் நின்றது. அவருக்கு ரேம் தேவைதான். ஆனால் "போடலாமா" என்பதற்கும் "எதைப் போடலாம்" என்பதற்கும் நடுவில் நிறைய இருக்கிறது. காசு அதிகம் வீணாவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லேப்டாப் ரேம் ஸ்டிக்குகளில் தலைமுறைகள் உண்டு. டிடிஆர்2 ஸ்டிக்கில் 200 பின், டிடிஆர்3இல் 204, டிடிஆர்4இல் 260, டிடிஆர்5இல் 262. ஸ்டிக்கின் விளிம்பில் இருக்கும் வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் செருக முடியாது. செருக வரவில்லை என்று அழுத்தினால் மதர்போர்டு போய்விடும். ஏறக்குறைய 2010 முதல் 2015 வரை வந்த லேப்டாப்களில் பெரும்பாலும் டிடிஆர்3, அதற்குப் பிறகு மெல்ல மெல்ல டிடிஆர்4.

டிடிஆர்3க்குள்ளேயே இன்னொரு பிரிவு இருக்கிறது. சாதாரண டிடிஆர்3 ஓடுவது 1.5 வோல்ட்டில். டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில். இரண்டுக்கும் பின் எண்ணிக்கையும் வெட்டும் ஒன்றுதான், கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. 3எல் ஸ்டிக் 1.5 வோல்ட் மெஷினிலும் ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தலைகீழாக நடக்காது: இன்டெல் நான்காம் தலைமுறைக்குப் பிந்தைய பல லேப்டாப்கள் 1.35 வோல்ட் மட்டுமே கொடுக்கும். அதில் பழைய 1.5 வோல்ட் ஸ்டிக்கைப் போட்டால் லைட் எரியும், டிஸ்பிளே வராது. அதனால் சந்தேகம் இருந்தால் 3எல் வாங்குவது நல்லது. ஸ்டிக்கின் லேபிளில் பிசி3எல்-12800எஸ் என்று இருந்தால் அது 1600 வேகத்தில் ஓடும் குறைந்த வோல்ட் லேப்டாப் ஸ்டிக். எல் இல்லாமல் பிசி3 என்று மட்டும் இருந்தால் 1.5 வோல்ட். வேகம் வெவ்வேறாக இருக்கும் இரண்டு ஸ்டிக்குகளைச் சேர்த்துப் போட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு ஏற்றலாம் என்பதை மெஷினின் பிராசஸரும் சிப்செட்டும் முடிவு செய்கின்றன. சின்ன நெட்புக்குகளில் வந்த ஆட்டம் என்450, என்455 சிப்புகளுக்கு உச்சம் 2 ஜிபி; அதற்கு மேல் போட வழியே இல்லை. செலரான் என்2840 இருந்தால் 8 ஜிபி வரை. இரண்டாம், மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, ஐ5 லேப்டாப்களில் இரண்டு ஸ்லாட் இருந்தால் எட்டெட்டாக 16 வரை பொதுவாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒரே ஸ்டிக்காக 16 ஜிபி டிடிஆர்3 கிடைக்கிறது என்று வாங்கிப் போட்டால் அவை ஏற்காது. சில மெல்லிய மாடல்களில் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், ஸ்லாட்டே இருக்காது. விண்டோஸ் 10 டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்போது உள்ளே இருக்கும் ஸ்டிக்கின் வகை, வேகம், தயாரித்த நிறுவனம் வரை காட்டிவிடும். கடைக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது, ஓஎஸ், அதாவது விண்டோஸ் போன்ற இயங்குதளம், 32 பிட்டா 64 பிட்டா என்பது. பழைய மெஷின்களில் 32 பிட் விண்டோஸ் இன்னும் ஓடுவதை அடிக்கடி பார்க்கிறேன். வீடுகளில் ஓடும் 32 பிட் விண்டோஸால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது. அதிலும் கிராஃபிக்ஸுக்கும் மற்றவற்றுக்கும் முகவரி ஒதுக்கியது போக மூன்று, மூன்றேகால் ஜிபிதான் கைக்கு வரும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பு 2 ஜிபியோடு நின்றுவிடும். அப்படிப்பட்ட மெஷினில் 8 ஜிபி போட்டுவிட்டு "ஒரு மாற்றமும் இல்லையே" என்று வருந்துவதில் பயனில்லை. முதலில் 64 பிட் ஓஎஸ் போட வேண்டும், அதற்கு முன் எல்லா ஃபைலையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகளின் சிறுவயது போட்டோ முழுக்க ஒரே லேப்டாப்பில் இருக்கும் வீடுகள் நிறைய. ஃபார்மேட் போடும் முன் இருமுறை கேளுங்கள்.

இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு ஸ்டிக் போட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டூயல் சேனலில் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராஃபிக்ஸும் இதே ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது என்பதால் வீடியோவும் விளையாட்டும் கொஞ்சம் சீராகும். கணக்கு எழுதுபவருக்கு இது கண்ணுக்கே தெரியாது.

ரேமா, எஸ்எஸ்டியா? சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்தான் எஸ்எஸ்டி. இரண்டுக்கும் காசு இருந்தால் இரண்டையும் செய்யுங்கள். ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் என் கணக்கு இப்படிப் போகும். 2 ஜிபி மெஷின் என்றால் ரேம் முதலில், கேள்வியே இல்லை. 4 ஜிபி இருந்து ஹார்டு டிஸ்க் சுற்றுகிறது என்றால் எஸ்எஸ்டி முதலில். காரணம் மேலே சொன்ன எண்களிலேயே இருக்கிறது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டி சிதறிய தகவலைச் சுமார் 0.1 மில்லிசெகண்டில் கொடுத்துவிடுகிறது, ஹார்டு டிஸ்க்கைவிட நூறு மடங்குக்கும் மேல் வேகம். ஸ்டார்ட் ஆவது, புரோகிராம் திறப்பது எல்லாம் கண்கூடாக மாறும். ரேம் போதாமல் பக்கங்களை வெளியே தள்ளும்போதும் அந்த வலி மிகவும் குறைந்துவிடும். இதில் ஒரு கெடுதலும் உண்டு. எஸ்எஸ்டியில் எழுதும் அளவுக்கு வரம்பு இருப்பதால், 2 ஜிபி ரேமோடு நாள் முழுக்க அதன் மேலேயே பக்கம் மாற்றிக்கொண்டிருந்தால் அதன் ஆயுள் குறையும். 8 ஜிபி ரேமும் 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டியும் சேர்ந்த பத்து வருடப் பழைய ஐ3, வீட்டு வேலைக்கும் படிப்புக்கும் கடைக்கணக்குக்கும் இன்றும் தாராளமாகப் போதும். 16 ஜிபி வேண்டியது வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்கும், பெரிய வரைபட மென்பொருள் ஓட்டும் பொறியியல் மாணவர்களுக்கும்தான்.

இனி எங்கள் கரைக்கே உரிய விஷயம். சென்னையிலோ கோவையிலோ எழுதப்படும் ஆலோசனைகளில் இது வராது.

கடற்காற்றில் வருவது வெறும் ஈரம் இல்லை, உப்புத் துகளும் கூடவே வருகிறது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். ராமேஸ்வரத்திலும் பாம்பனிலும் இரவிலும் விடிகாலையிலும் அதைத் தாண்டுவது சாதாரணம். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்க ஆரம்பித்துவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு எடுத்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பதும் இதுவே, மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியில் கசிவதற்கும் இதுதான் காரணம். லேப்டாப்பின் காற்றுத்துளை வழியாக உள்ளே போய்ப் படியும் உப்பு, இப்படி மெல்லிய உப்புநீர்ப் படலமாகிறது. அது மின்சாரத்தைக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது இதே காற்றுக்காகத்தான்.

ரேம் ஸ்டிக்கின் பின்களில் பூசியிருக்கும் தங்கம் ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனம். தங்கம் அரிக்காது, ஆனால் அந்தப் படலத்தில் இருக்கும் நுண்துளைகள் வழியாக அடியில் உள்ள நிக்கலையும் செம்பையும் உப்புநீர் தொட்டுவிடும். பின் மேல் பச்சையாகவோ கறுப்பாகவோ புள்ளி தெரிந்தால் அது இந்த வேலைதான். விளைவு பலவிதமாக வரும்: திடீர் நீலத் திரை, காரணமில்லாமல் ரீஸ்டார்ட், 8 ஜிபி போட்டிருந்தும் 4 மட்டும் காட்டுவது. "லைட் எரியுது, ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல" என்று வரும் மெஷின்கள் பலவற்றில் ரேமைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகினாலே உயிர் வந்துவிடுகிறது.

துடைப்பதற்குப் பென்சில் ரப்பரை எடுப்பது எல்லாக் கடைகளிலும் உள்ள பழக்கம். மென்மையான வெள்ளை ரப்பரால் ஒருமுறை லேசாகத் தேய்த்தால் பாதகமில்லை. மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரால் பளபளக்கும் வரை தேய்த்தால் தங்கமே போய்விடும், அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே கோளாறு வரும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைப்பதே நான் சிபாரிசு செய்வது. உப்பு ஆல்கஹாலில் சரியாகக் கரையாது என்பதால் படிவு கெட்டியாக இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த குச்சியால் முதலில் துடைத்துவிட்டு, பிறகு ஆல்கஹால் போட்டு, நன்றாகக் காய விட்டுச் செருகுங்கள். ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் உள்ளே போகும்.

உப்பு இன்னொரு வழியிலும் மெஷினை மெதுவாக்குகிறது. ஃபேன் இழுக்கும் காற்றில் உள்ள தூசும் மணலும் இந்த ஈர உப்போடு சேர்ந்து ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அடையாக ஒட்டிக்கொள்ளும். வெப்பம் வெளியேறாது. பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில், வேலை நடக்கும்போதே 0.8 என்று காட்டினால், கைவைக்கும் இடமும் சுட்டால், அங்கே ரேம் போடுவதற்கு முன்னால் ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் வெப்பம் கடத்தும் புது பேஸ்ட் போடுங்கள். கச்சான் காற்று மணலை வாரி அடித்து ஓய்ந்த பிறகு இதை வருடத்துக்கு ஒருமுறை செய்வது கரையோர வீடுகளுக்கு அவசியம். மாதக்கணக்கில் பீரோவில் பூட்டி வைத்த லேப்டாப்பைவிடத் தினமும் ஒரு மணிநேரமாவது ஓடும் லேப்டாப்பில் அரிப்பு குறைவு, ஏனென்றால் ஓடும்போது வரும் சூடு உள்ளே இருக்கும் ஈரத்தைக் காயவைக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது விலையும் நம்பகமும். 2025 கடைசியில் உலகம் முழுக்க ரேம் விலை கடுமையாக ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி தயாரிப்பதில் ஆலைகள் இறங்கிவிட்டதால் சாதாரண ரேமுக்கு உற்பத்தி குறைந்தது. டிடிஆர்3 பழைய தலைமுறை, பெரிய நிறுவனங்கள் அதிலிருந்து விலகி வருகின்றன. ஆகவே பழைய மெஷின்களிலிருந்து கழற்றிய ஸ்டிக்குகள் நிறையப் புழங்குகின்றன. அவற்றை வாங்குவதில் தப்பில்லை, ரேம் எளிதில் தேய்ந்துபோகும் பொருள் இல்லை. ஆனால் நேரில் வாங்குங்கள், கடையிலேயே செருகி ஓட்டிப் பாருங்கள், சிபியு-இசட்டில் வரும் விவரமும் லேபிளும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள், திருப்பி எடுத்துக்கொள்ள ஒரு வாரமாவது அவகாசம் கேளுங்கள். பின்களில் பச்சை தெரிந்தால் பாதி விலைக்கும் வேண்டாம்.

மாட்டுவது கடினமான வேலை இல்லை. ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி அல்லது உள்ளே இருக்கும் அதன் கனெக்டரை விடுவித்து, பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்க வேண்டும். கையில் இருக்கும் நிலைமின்சாரம் போக ஏதாவது தரையோடு தொடர்புள்ள உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கினால் பழைய ஸ்டிக் தானே மேலெழும். புதியதைச் சாய்வாக, தங்க விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உள்ளே தள்ளி, பிறகு கீழே அழுத்தினால் கொக்கி சத்தத்தோடு பிடிக்கும். முதல் ஸ்டார்ட்டுக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் எடுக்கலாம். பயந்து ஆஃப் செய்ய வேண்டாம். அன்றிரவே மெம்டெஸ்ட்86+ அல்லது விண்டோஸிலேயே இருக்கும் மெமரி சோதனையை ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அந்த ஸ்டிக் வேண்டாம். பிழையுள்ள ரேம் வேகத்தைக் கெடுப்பதோடு நிற்காது, ஃபைல்களையும் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

செலவே செய்யக் கூடாத மெஷின்களும் இருக்கின்றன. 2 ஜிபி உச்சம் உள்ள ஆட்டம் நெட்புக், திரையும் கீல்களும் போன மெஷின், மதர்போர்டிலேயே அரிப்பு தெரியும் மெஷின் ஆகியவற்றுக்கு ரேம் வாங்கும் காசை அடுத்த லேப்டாப்புக்குச் சேர்த்து வைக்கலாம்.

ரேம் ஏற்றிய பழைய மெஷினுக்கு இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். எத்தனை ஜிபி ரேம் போட்டாலும் பழைய ஐ3 அந்தத் தகுதியைப் பெறாது. டேலி போல விண்டோஸிலேயே ஓட வேண்டிய கட்டாயம் இல்லாத வீடுகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஓஎஸ் ஒன்றைப் போட்டுக்கொடுப்பதுதான் இப்போது நான் எடுக்கும் வழி. அரசு மடிக்கணினிகளில் இந்தியாவிலேயே உருவான பாஸ் லினக்ஸ் கூடவே வந்தது பலருக்கு நினைவிருக்கும். அன்று அதை அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் வைத்துக்கொண்டவர்கள் அதிகம். மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, எதையும் திறக்காதபோது 1 ஜிபியை ஒட்டியே எடுத்துக்கொள்வதால், 4 ஜிபி மெஷினில் பிரவுசருக்கு மூன்று ஜிபி மிஞ்சுகிறது. தமிழ் எழுத்துருவும் விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம், பாதுகாப்பு அப்டேட்டும் தொடர்ந்து வரும். பென்டிரைவிலிருந்து எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்க முடியும் என்பதால், ரேம் வாங்கும் முன்பே ஒரு மாலை அதை ஓட்டிப் பாருங்கள். அதிலேயே உங்கள் வேலை ஓடிவிட்டால் ரேமுக்கான செலவும் மிச்சம்.